சுவரைப் பார்த்திருந்த சிலேட்டு

எங்கள் மிருக வைத்தியசாலை வெளியிடும் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி, அங்கு இப்போது பொறுப்பில் இருக்கும் இளம் வைத்தியர் கேட்டிருந்தார். சத்திரசிகிச்சைக்குப் பின் நாய்களின் இரத்தத்தைச் சோதித்து அழற்சியைக் கண்காணிக்கும் முறை எங்கள் ஆய்வுகூடத்தில் எவ்வாறு தொடங்கியது என்பது பொருள். "பழைய கதையா எழுதுங்க மிஸ், சும்மா ரெண்டு பக்கம் போதும்" என்றார். நான் சும்மா எதையும் எழுதியவள் அல்லள். இரண்டு பக்கத்தில் அடங்காவிட்டால் அதற்கும் நான் பொறுப்பல்ல.

கேட்டவரைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. அன்று அவர் எனக்குப் புதிய யந்திரத்தைக் காட்டினார். ஒரு துளி இரத்தம் உள்ளே போகிறது; ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் எண் வெளியே வருகிறது. வருவது ஆய்வுகூடத்துக்கு மட்டுமன்று, வைத்தியரின் கைப்பேசிக்கும் வருகிறது. நாயின் கூட்டைத் திறப்பதற்கு முன்பே அவருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. நல்ல யந்திரம். அதன் அளவீட்டில் எனக்கு ஐயம் எதுவுமில்லை. ஆனால் வார்டுக்குள் நுழைந்ததும் என் கண் தானாகவே கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணியைத் தேடிற்று. ஆணி இருந்தது. அதில் யாரோ நனைந்த குடையொன்றை மாட்டியிருந்தார்கள்.

அந்த ஆணியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஹட்டனில் மிஷன் கல்லூரி ஒன்றில் உயர்தரம் வரை விஞ்ஞானம் கற்றேன். கொழும்பில் ஆய்வுகூடத் தொழில்நுட்பம் பயின்றேன். மனிதர்களுக்கான வைத்தியசாலைகளில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, பெற்றோரின் முதுமை காரணமாக மலைக்குத் திரும்பினேன். டொக்டர் அருளப்பன் அப்போதுதான் ஹட்டன் நகரத்துக்கு வெளியே தம்முடைய மிருக வைத்தியசாலையை ஆரம்பித்திருந்தார். மனித இரத்தம் பார்த்தவள் நாய் இரத்தம் பார்க்கப் போவதா என்று உறவினர் சிலர் முகம் சுளித்தனர். இரத்தம் எவருடையதானாலும் அதை ஒழுங்காகப் பார்ப்பவளுக்கு மரியாதை உண்டு என்று பதில் சொன்னேன். ஓய்வு பெறும் நாள் வரை அந்த மரியாதைக்குக் குறைவு வரவில்லை.

டொக்டர் அருளப்பன் உயரமானவர். மழைக்கோட்டுக்கு உள்ளேயும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். சத்திரசிகிச்சை அறையில் அவர் பேசிக் கேட்டவர் இல்லை. வெளியே வந்த பிறகு அவர் பேச்சைக் கேட்காமல் தப்பியவரும் இல்லை. ஆய்வுகூடத்தின் கதவு திறந்தே கிடந்தாலும் வாசலில் நின்று, "வரலாமா, மிஸ்?" என்று கேட்டுத்தான் நுழைவார். அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு கல்லும் அவர் பணத்தில் வைத்தது. ஆயினும் அந்த அறை என்னுடையது என்பதை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. நான் மணம் செய்துகொள்ளாதவள். ஆகவே 'மிஸ்' என்பது பொருத்தமான விளிதான். இறுதிவரை அவர் என்னை வேறு எவ்வாறும் அழைத்ததில்லை. நானும் அவரை டொக்டர் என்பதைத் தவிர வேறு எவ்வாறும் அழைத்ததில்லை. இதற்குள் வேறு பொருள் தேட விரும்புவோர் தேடிக்கொள்ளட்டும்.

ஆரம்ப ஆண்டுகளில் எங்களிடம் இருந்தவை வெப்பமானியும் நுணுக்குக்காட்டியுமே. வயிற்றைத் திறந்து தைத்த நாயின் உள்ளே சீழ் பிடிக்கிறதா என்று அறிய, வெண்குருதிக் கலங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் எண்ணினேன். அவற்றின் எண்ணிக்கை தாமதமாகவே மாறும். பயத்தினாலும் கூடும், சில மருந்துகளாலும் கூடும். காய்ச்சலையோ நோவு மருந்து மறைத்துவிடும். இதற்கிடையில் மனிதருக்குச் செய்யும் சீ.ஆர்.பி. பரிசோதனையை நாய்க்கும் செய்து பார்க்கலாமே என்று டொக்டருக்கு ஓர் எண்ணம் வந்தது.

சீ.ஆர்.பி. என்பது உடலில் எங்கேனும் அழற்சி ஏற்பட்டால் ஈரல் உண்டாக்கி இரத்தத்தில் விடும் ஒரு புரதம். நலமான நாயின் இரத்தத்தில் அது மிகக் குறைவு. கத்தி பட்ட சில மணித்தியாலங்களில் ஏறத் தொடங்கும். மறுநாள், சில வேளை அதற்கு அடுத்த நாள், உச்சிக்குப் போகும். காயம் ஒழுங்காக ஆறினால் அதன்பின் விரைவாக இறங்கும். இறங்க வேண்டிய வேளையில் இறங்காமல் நின்றாலோ, இறங்கியது திரும்பவும் ஏறினாலோ, உள்ளே ஏதோ சரியில்லை என்று பொருள். ஆகவே ஒரு நாளின் எண்ணுக்குத் தனியே பெரிய மதிப்பில்லை. நேற்றைய எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் அது பேசும்.

மனிதருக்கான சோதனை மருந்துத் துளியை, குடல் கிழிந்து சீழோடு வந்த ஒரு நாயின் இரத்தநீரோடு கலந்து பார்த்தேன். பால்போலத் திரிய வேண்டியது திரியவில்லை. நாயின் புரதத்தை அந்த மருந்து சரியாக அடையாளம் காணவில்லை. "இந்த முடிவின்படி அந்த நாய்க்கு ஒன்றுமில்லை, டொக்டர். இதில் நான் கையெழுத்து வைக்க மாட்டேன்" என்றேன்.

"அப்ப காத்திருப்போம், மிஸ்" என்றார் அவர், வாசலில் நின்றபடியே.

காத்திருந்தோம். நாய்க்கென்றே ஆன சிறிய கருவியொன்று கொழும்புக்கு வந்து, அங்கிருந்து எங்களுக்கு வரச் சில ஆண்டுகள் சென்றன.

கருவி வந்த பின்னரும் ஹட்டனின் குளிர் எங்களை விடவில்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுக்கும் சோதனைத் தட்டு அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகே பயன்படுத்தப்பட வேண்டும். எங்கள் அறையின் காலை வெப்பமோ பெட்டியின் வெப்பத்திலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. குளிர்ந்த தட்டு குறைவான எண்ணைக் காட்டும். குறைந்த எண்ணைக் கண்டு மகிழ்ந்தால் நாய் இறக்கும். எனவே தட்டை என் கம்பளிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, குழாயிலுள்ள இரத்தம் உறைந்து பிரியும் வரை அசையாது அமர்ந்திருப்பேன். வார்டு உதவியாளரான அந்தோனிக்கு அது பெரிய வேடிக்கை. "கதவச் சாத்துங்கப்பா, காத்து அடிக்குது. மிஸ் அடகாக்கிறாங்க" என்பார், நான் கேட்கும்படியாகவே. பொல்பிட்டியவில் மின்சாரம் உண்டாக்கி நாட்டுக்கெல்லாம் அனுப்பும் இதே மலைகளில்தான், இரத்தக் குழாய்களைச் சுழற்றும் யந்திரம் பாதியில் நிற்கும். நின்றால் முதலிலிருந்து தொடங்குவேன். பாதியில் நின்ற குழாயிலிருந்து நான் ஒரு முடிவும் கொடுத்ததில்லை.

இனி அந்த ஆணி.

கருவி வந்த முதற் கிழமையிலேயே டொக்டர் ஒரு நடைமுறையை ஏற்படுத்தினார். எண்ணை முதலில் பார்த்துவிட்டு நாயைத் தொட்டால், கை அந்த எண்ணுக்கு ஏற்றபடி கதை சொல்லத் தொடங்கிவிடும் என்பது அவர் கருத்து. ஏறியிருக்கிறது என்று தெரிந்தால் மெத்தென்ற வயிறும் கல்லாகத் தோன்றும். இறங்கியிருக்கிறது என்று தெரிந்தால் கல்லும் மெத்தெனத் தோன்றும். ஆகவே கை முதலில், எண் பிறகு. வார்டில் எப்போதும் கழுவிய ஈரம், தாள் நைந்துபோகும். அதனால் ஹட்டன் கடைவீதியிலிருந்து பிள்ளைகள் எழுதும் கற்சிலேட்டு ஒன்றை வாங்கிவந்தார். நான் எண்ணை அதில் எழுதி, எழுதிய பக்கம் சுவரைப் பார்க்க அந்த ஆணியில் மாட்டுவேன். அவர் உள்ளே வந்து நாயின் வாய், கண், மார்பு, வயிறு, தையல் என்று வரிசையாகத் தொட்டுப் பார்ப்பார். கையைக் கழுவுவார். துடைப்பார். பின் சுவரைப் பார்த்து நின்று, "இறங்கும்" என்றோ "ஏறும்" என்றோ உரக்கச் சொல்வார். சொன்ன பிறகே, "இப்ப திருப்புங்க, மிஸ்" என்பார்.

நான் திருப்புவேன்.

எண் எதுவாக இருந்தாலும் அவர் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: "நேத்து எங்க இருந்துச்சு?"

அவருடைய கை பெரும்பாலும் சரியாகவே சொன்னது. பிழைத்த நாட்களில் அதை மறைத்ததும் இல்லை. "கை தோத்துருச்சு" என்று அந்தோனியிடமும் சொல்வார். தாம் சொன்ன சொல்லுக்கும் நான் திருப்பும் கல்லுக்கும் நடுவில் அவர் மூச்சை இழுத்து நிறுத்தும் ஒரு கணம் உண்டு. வார்டில் நாய்களும் அப்போது சற்று அடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றும். அது என் கற்பனையாக இருக்கலாம். ஓய்வு பெற்று இத்தனை காலமாகிவிட்டது. சம்பளத்தையோ பதவியையோ நினைத்து நான் ஏங்கியதில்லை. அந்தக் கணத்தை நினைக்காத காலை ஒன்றும் இல்லை.

சீ.ஆர்.பி.க்கு ஒரு குறை உண்டு. எங்கே என்று அது சொல்லாது. எதிர்மேட்டிலிருந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைப் பார்த்தால் நீண்ட தகரக் கூரையின் மேல் புகை தெரியும். கீழே வரிசையாக உள்ள அறைகளில் எந்தக் காம்பராவில் அடுப்பு எரிகிறது என்பது தெரியாது. இதை ஒருமுறை டொக்டரிடம் உவமையாகச் சொன்னேன்.

"லயத்துப் புகையெல்லாம் மிஸ்ஸுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன்" என்றேன்.

அது உண்மைதான். பஸ்ஸிலிருந்தும் பார்த்திருக்கிறேன்.

சிவகாமி என்னும் பெண்மணி வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். மகள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் இருந்தாள், கணவர் இல்லை. அவரிடம் செவலை என்றொரு வயதான பெட்டை நாய். ஓர் அடைமழை நாளில் அதைச் சாக்கில் சுற்றி, முச்சக்கர வண்டியில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தார். கருப்பையில் சீழ் கட்டியிருந்தது. வழக்கம்போல் டொக்டர் கேட்டார்:

"வீட்டுல ஏதாவது மருந்து, ஊசி, குடுத்தீங்களா?"

"இல்லீங்கய்யா."

அந்தக் கேள்வியை அவர் கேட்கும் முறை எங்கள் பிரதேசம் முழுவதும் அறிந்தது. நின்றபடி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்பார். சிவகாமி வந்த அதே வேளையில்தான் வட்டவளையிலிருந்து வந்த ஒருவரை, நாய்க்குத் தன் காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்ததற்காக ஏசிக்கொண்டிருந்தார். "நீங்க டொக்டரா, நான் டொக்டரா? நீங்கதான்னா இந்தாங்க, கோட்டைப் போட்டுக்குங்க" என்று மேற்சட்டையைக் கழற்றி நீட்டினார். வாங்கில் வரிசையாக அமர்ந்திருந்த அத்தனை பேரும் குனிந்துகொண்டார்கள். சிவகாமியும்.

கருப்பையை அகற்றிய சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. முதல் நாளின் எண் மிக உயரத்தில் இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். அதன்பின் இறங்கியது. மறுநாளும் இறங்கியது. செவலை தலையைத் தூக்கிச் சோற்றுக்கஞ்சி நக்கியது. சிவகாமி வேலைக்குப் போகாமல், தெரிந்தவர் வீட்டில் தங்கி, பகலெல்லாம் ஆய்வுகூடச் சன்னலுக்குக் கீழே இருந்த வாங்கில் அமர்ந்திருந்தார்.

"பேரு போவுதே, நாள் சம்பளம் போயிருமே, வேலைக்குப் போகலயா?" என்று அந்தோனி கேட்டார்.

"எங்க மலைக்குப் போற பாதையில புலி நடமாட்டம்ங்க. விடியக்குள்ள அது முன்னால போனாத்தான் எனக்குக் காலு வரும்" என்றார் சிவகாமி. "அது இல்லாம நான் எங்குட்டுப் போறது?"

அடுத்த காலை டொக்டர் செவலையைத் தொட்டுப் பார்த்தார். தையல் சுத்தம். வயிறு மெத்தென்றிருந்தது. காய்ச்சல் இல்லை. "இறங்கும்" என்றார்.

சிலேட்டைத் திருப்பினேன். ஏறியிருந்தது.

"நேத்து எங்க இருந்துச்சு?" என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "மறுபடி ஓட்டிப் பாருங்க, மிஸ்" என்றார்.

அத்தனை ஆண்டுகளில் அவர் அவ்வாறு சொன்னது அதுவே முதல் தடவை. புதிய தட்டை எடுத்து, சட்டைப்பையில் சூடேற்றி, கருவியைச் சரிபார்க்கும் திரவத்தையும் உடன் ஓட்டி, எண்ணை எழுதி மாட்டினேன். அதே எண். மறுநாள் அதற்கும் மேலே போயிருந்தது. அன்றும் அவருடைய கை "இறங்கும்" என்றே சொல்லியிருந்தது. நாய் கஞ்சியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அன்று அவர் வாசலில் நின்று அனுமதி கேட்கவில்லை. நேரே உள்ளே வந்து என் எதிரில் இருந்த முக்காலியில் அமர்ந்தார்.

"என் கை தோத்துருச்சு, மிஸ். ரெண்டு நாளா தோத்துருச்சு. உள்ளே நான் கட்டின இடத்துலதான் சீழ் பிடிக்குது. மத்தியானம் திறப்போம்."

"இன்னொரு மயக்கமருந்தைத் தாங்குமா, டொக்டர்?"

"தாங்காது. திறக்காட்டியும் தாங்காது." சன்னலைப் பார்த்தார். "உங்க நம்பரைத்தான் நம்புறேன்."

எவரும் பெருமைப்படக்கூடிய சொல் அது. ஆனால் வயிற்றில் என்று என் எண் சொல்லவில்லை. தையற்காரருக்குத் தன் தையல்மேல் மட்டுமே கண் போவதுபோல அவர் வெட்டிய இடத்தையே நினைத்துக்கொண்டிருந்தார். அங்கு ஒன்றும் இல்லாமல், வெறும் வயிற்றைத் திறந்து அந்த நாய் மேசையில் இறந்தால், அதைக் கொன்றது நான் எழுதிய எண்ணாகவே இருக்கும். ஸ்கேன் யந்திரம் அந்நாளில் எங்களிடம் இல்லை. கண்டிக்கு அனுப்பும் நிலையில் நாயும் இல்லை.

அவர் போன பிறகு சன்னலைத் திறந்தேன். கீழே சிவகாமி முந்தானையைத் தலையில் போர்த்தி அமர்ந்திருந்தார்.

"அம்மா, இங்கே கொண்டு வருவதற்கு முன் யாராவது ஏதாவது மருந்து கொடுத்தார்களா? நன்றாக நினைத்துச் சொல்லுங்கள்."

"இல்லீங்க மிஸ்." சொல்லிவிட்டு மேலே பார்த்தார். "மிஸ்ஸுக்கு எந்த ஊருங்க?"

"ஹட்டன்."

"அது டவுனுங்களே. எந்தத் தோட்டம்னு கேட்டேன்."

இந்தக் கேள்விக்கு என்னிடம் நெடுங்காலமாக ஒரே பதில் இருந்தது. கொழும்பில் படித்த நாட்களில் 'எந்தத் தோட்டம்' என்பதை எந்த இளக்காரக் குரலில் கேட்பார்கள் என்பதை அறிந்தவர்கள் அறிவார்கள். நான் ஹட்டன் என்பேன். எங்கள் கடித முகவரி ஹட்டன்தான்; அது பொய்யன்று. அந்த வைத்தியசாலையில் எவருக்கும் அதற்கு மேல் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வார்டின் கதவு திறந்திருந்தது. அந்தோனி வாளியோடு அங்கேதான் நின்றார். மத்தியானத்துக்கு அதிக நேரம் இல்லை.

"வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேல," என்றேன். "பெரிய லயம். கடைசிக் காம்பரா."

சிவகாமி எழுந்து நின்றுவிட்டார்.

"பெரிய லயமா? நீங்க யாரு மகங்க?"

"கணக்கப்பிள்ளை சூசையோட மகள்."

"சூசை கணக்கப்பிள்ளை மகளா நீங்க?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்கம்மாவுக்கு ஒரு மழக்காலம் பூரா அரப்பேரு போட்டு அரச் சம்பளம் ஆக்கின மனுசனுங்க அவரு."

"அப்பா நியாயமாகத்தான் போட்டிருப்பார்" என்றேன். என் தகப்பனாரைப் பற்றி எவர் பேசினாலும் நான் அப்படித்தான் சொல்வேன்.

"போட்டிருப்பாருங்க. எங்கம்மா வாய்க்குக் கால்பேரு போட்டிருந்தாலும் தகும்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தோனியும் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு அடங்கியபோது சிவகாமியின் குரல் இறங்கிவிட்டது.

"மிஸ், ஐயாகிட்ட சொல்லாதீங்க. நாயத் தூக்கி வெளிய போட்டுருவாரு. மாட்டுப்பட்டியப் பாத்துக்கிற அண்ணன் ஒருத்தரு, பாவம் பாத்து, பசுவுக்குப் போட்ட ஊசியில மிச்சம் இருந்தத இதுக்குப் போட்டுட்டாருங்க. இங்க வாறதுக்கு முதல்நாளு."

"எந்த இடத்தில்?"

அவர் தம் இடது தொடையின் பின்புறத்தைத் தொட்டுக் காட்டினார்.

நாங்கள் இரத்தம் எடுப்பது முன்னங்காலில். சேலைன் ஏற்றுவதும் முன்னங்காலில். வயிற்றில் தையலோடு படுத்திருக்கும் நாய் எழுந்து நடக்கத் தயங்கினால் எவரும் வியப்பதில்லை. அந்தத் தொடையை அத்தனை நாளும் யாரும் அழுத்திப் பார்த்திருக்கவில்லை. கருப்பையின் நெருப்பு அணைந்ததால் எண் இறங்கியது. தொடைக்குள் ஆழத்தில் வேறொன்று மெல்லப் பற்றிக்கொண்டதால் திரும்ப ஏறியது. புகை ஒரே கூரையின் மேல்தான் எழுந்தது. காம்பராதான் வேறு.

அந்தோனி செவலையைச் சத்திரசிகிச்சை அறைக்குத் தூக்கிச் சென்று மேசையில் கிடத்தினார். டொக்டர் அங்கே கைகளைக் கழுவத் தொடங்கியிருந்தார். நான் அந்த வாசலில் நின்றேன். "வரலாமா, டொக்டர்?" என்று கேட்டேன்.

"வாங்க, மிஸ்."

"மயக்கமருந்து கொடுப்பதற்கு முன் இடது பின்தொடையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்."

"ஏன்?"

"கை முதலில், டொக்டர்."

அவர் கையைத் துடைத்தார். பின் குனிந்து, இரண்டு கைகளாலும் அந்தத் தொடையைச் சுற்றிப் பிடித்து, விரல்களை ஆழமாக அழுத்தினார். அதுவரை ஒருவரைப் பார்த்தும் உறுமாத செவலை, தலையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தோனியின் கையை நறுக்கென்று கவ்வியது.

"தொட்டது அவரு, கடி எனக்கு" என்றார் அந்தோனி.

டொக்டர் ஊசியைச் செலுத்தி இழுத்தார். ஊசிக்குழல் சீழால் நிறைந்தது. தொடைக்கு மட்டும் மருந்திட்டு மரக்கச் செய்து, கீறி, சீழை வடித்து, சிறிய குழாயொன்றை வைத்தார். வயிற்றை அவர் திறக்கவேயில்லை. கையுறையைக் கழற்றும்போது கேட்டார்:

"யாரு சொன்னது?"

"இரத்தம் சொல்லவில்லை" என்றேன்.

அவர் கதவுக்கு வெளியே, வாங்கைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. என்ன சத்தம் கேட்கப்போகிறதோ என்று நானும் அந்தோனியும் நின்றோம். அவர் மெதுவாக நடந்துபோய் வாங்கில், சிவகாமிக்குப் பக்கத்தில், அமர்ந்தார். நோயாளியோடு வந்தவர்களுக்குப் பக்கத்தில் அவர் அமர்ந்து நாங்கள் கண்டதில்லை. சிவகாமி எழப்போனார்.

"இருங்கம்மா" என்றார். "அந்த ஊசி மருந்துப் போத்தல் இன்னும் இருந்தா யார்கிட்டயாவது குடுத்து அனுப்பச் சொல்லுங்க. என்ன மருந்துன்னு தெரிஞ்சா நல்லது. நான் ஏசமாட்டேன்."

"ஏசினாலும் பரவால்லீங்கய்யா. பொழைக்குமா?"

"நாளைக்குக் காலைல சிலேட்டு சொல்லும்."

மறுநாள் காலை அவர் தொடையிலிருந்து தொடங்கி முழு நாயையும் தொட்டுப் பார்த்தார். கழுவினார், துடைத்தார். சுவரைப் பார்த்து நின்றார். சிவகாமியையும் உள்ளே அழைத்திருந்தார். அவருக்கு என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை, ஆயினும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவரும் சுவரையே பார்த்து நின்றார்.

"இறங்கும்" என்றார் டொக்டர். "இப்ப திருப்புங்க, மிஸ்."

இறங்கியிருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கீழே. செவலை வீடு போகும்போது நொண்டியபடி முன்னால் போயிற்று. சிவகாமி பின்னால் போனார்.

அதன் பிறகு, 'மருந்து கொடுத்தீர்களா' என்ற கேள்வியை டொக்டர் நின்றபடி கேட்கவில்லை. வாங்கில் அமர்ந்து கேட்டார். விடைகள் வேறுவிதமாக வரத் தொடங்கின. என் பிறப்பிடம் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. ஒரே ஒருமுறை, வட்டகொடையிலிருந்து வந்த நாயொன்றின் எண்ணைத் திருப்பியபோது, "உங்க ஊர்க்காரங்க நல்லா இறங்குறாங்க, மிஸ்" என்றார். நான் சிலேட்டைத் துடைத்தேன்.

டொக்டர் வைத்தியசாலையை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, கனடாவில் இருக்கும் மகளிடம் போய்ச் சேர்ந்தார். அதற்குச் சிறிது காலத்தின் பின் நானும் ஓய்வு பெற்றேன். விழா எடுத்து எனக்குப் பித்தளைக் குத்துவிளக்குக் கொடுத்தார்கள். சிலேட்டு எங்கே போயிற்று என்று கேட்டேன், எவருக்கும் தெரியவில்லை. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மட்டும் டொக்டரிடமிருந்து அழைப்பு வரும். மழையா, குளிரா, அந்தோனி எப்படி என்பதோடு பேச்சு முடியும்.

இந்த ஆண்டு நத்தார் அல்லாத ஒரு நாளில் அழைத்தார். அவருக்கு அங்கே விடிந்திருந்தது. எனக்கு இங்கே மாலைத் தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பித்தப்பையை எடுத்திருக்கிறார்கள். குரல் மெலிந்திருந்தது.

"மிஸ், இங்க காலைல ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க. நேர்ஸ் பிள்ளை சீ.ஆர்.பி. நம்பரை ஒரு துண்டுல எழுதிக் குடுத்துச்சு. நான் கவுத்து வச்சிருக்கேன்."

அடுப்பை அணைத்தேன்.

"கையை வைத்துப் பார்த்தீர்களா, டொக்டர்?"

"பாத்தேன். கொஞ்சம் உப்பல். நோவு நேத்து மாதிரி இல்ல."

"அப்படியானால் சொல்லுங்கள்."

"நான் எப்படிச் சொல்றது? என் வயித்துல என் கை பொய் சொல்லும். நீங்க சொல்லுங்க."

பணியில் இருந்த காலம் முழுவதும், ஓட்டிப் பார்க்காத ஒரு முடிவை நான் எழுத்திலோ வாயாலோ கொடுத்ததில்லை. இதைப் படிக்கும் என் பழைய சகபணியாளர்கள் அதற்குச் சாட்சி. கடலுக்கு அப்பால் கிடந்த ஒருவரின் இரத்தத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. மூச்சை அவர் இழுத்து நிறுத்துவது தொலைபேசியில் கேட்டது.

"இறங்கும்" என்றேன்.

தாள் புரளும் ஓசை வந்தது. பிறகு கண்ணாடியைத் தேடும் ஓசை.

"இறங்கியிருக்கு, மிஸ்."

"நேற்று எங்கே இருந்தது?"

அவர் சிரித்தார். உடனே நிறுத்தினார். "சிரிக்க வைக்காதீங்க. தையல் இழுக்குது" என்றார்.

அவர் வைத்தியசாலையில் இருந்த காலைகளிலெல்லாம், எனக்கு மாலையில், அழைப்பு வந்தது. ஒவ்வொரு நாளும் நான் சொன்னேன். அவர் தாளைத் திருப்பினார். எண் ஒழுங்காக இறங்கிக்கொண்டே போயிற்று. பின்னர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் நாள்தோறும் யாரும் இரத்தம் எடுப்பதில்லை. ஆகவே சொல்வதற்கு எண் இல்லை, அழைப்பும் இல்லை. நலமானவர்களை நாங்களும் ஒருபோதும் வார்டில் வைத்திருந்ததில்லை. அவர் நலமாக இருக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எதுவுமில்லை என்பது என் தொழில் எனக்குக் கற்பித்தது.

மாலையில் தண்ணீர் கொதிக்கும் வேளையில் கைப்பேசியை மேசையில் வைக்கிறேன், அதன் முகம் மேசையைப் பார்க்க. தேநீர் முடியும் வரை அதைத் திருப்புவதில்லை.